பறவைக்குப் பின்னால் ஒரு படகு

பறவைப் படக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், என் மூத்த மகளைக் கட்டியவர். அடையாளம் சுலபம். இலை நிறத்தில் சட்டை, சேற்று நிறத்தில் காற்சட்டை, முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். நிஜக் கைக்குழந்தையை என் மகளிடம் தள்ளிவிட்டு அந்த லென்ஸைத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே பாதிச் சொல்லில் நிறுத்தி வானத்தைப் பார்ப்பார். நீங்களும் பார்ப்பீர்கள். ஒன்றும் இருக்காது. "போயிடுச்சு" என்பார், என்னவோ நீங்கள்தான் விரட்டிவிட்ட மாதிரி.

மறந்தும் அவரிடம் "பருந்து நல்லா இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள்.

"மாமா, அது பருந்து இல்ல. வல்லூறு."

"ரெண்டும் கோழிக்குஞ்சைத் தூக்குறதுதானே?"

"வாலைப் பாருங்க மாமா!"

பார்த்தேன். வால் வால் மாதிரிதான் இருந்தது. சரி, எங்கே எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பெற்ற தாய் கேட்டாலும் "அந்தப் பக்கம்" என்பார்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். படகு கட்டுவது தொழில். உளிதான் படிப்பு, கண்தான் அளவுகோல். நாற்பது படகு கட்டினேன். ஒன்றுகூட மூழ்கவில்லை, ஒன்றுக்குக்கூடப் படமும் இல்லை. அப்போது யாரிடம் கேமரா இருந்தது? நாற்பத்தொன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கடைசியும் அதுதான்; இடுப்பு இனிமேல் குனிய மாட்டேன் என்கிறது. நீலப் பெயிண்ட் மூன்று கை அடித்து, அது தண்ணீரில் இறங்குவதை ஒரே ஒரு படம் எடுத்துப் பட்டறையில் மாட்ட ஆசைப்பட்டேன். எந்தப் படகும் முதல் தடவை ஒரு தடவைதான் இறங்கும். வீட்டிலேயே கேமராக்காரர் இருக்க, வெளியாள் எதற்கு என்று சொன்னது யார்? நான்தான்.

அன்று காலை மாப்பிள்ளை அந்த முழங்கை லென்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். மரத்து உச்சியில் இருக்கிற ராஜாளியின் கண்மணியைப் பிடிக்கிற சாமான். பக்கத்தில் நின்று பார்த்தால் என் படகில் ஓர் ஆணிதான் அதற்குள் அடங்கியது.

"சின்ன லென்ஸ் இல்லையா மாப்பிள்ளை?"

"அதை வச்சு என்னத்தை எடுக்கிறது மாமா? நான் கொஞ்சம் பின்னால போறேன்."

கொஞ்சம் போனார். இன்னும் கொஞ்சம் போனார். அரை பர்லாங் தள்ளிச் சேற்றில் குப்புறப் படுத்தார். படகை நின்றுகொண்டே எடுக்கலாமே? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நானோ முட்டுக்கட்டையைத் தட்டிவிடும் சுத்தியலோடு, நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டினேன். படகு நகர்ந்தது.

மறுநாள் படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்தார். நட்டநடுவே கைக்குள் அடங்குகிற ஒரு பறவை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அலகில் புழுவோடு. இறகு இறகாக எண்ணலாம்.

"என் படகு எங்க மாப்பிள்ளை?"

"பின்னால நீலமாத் தெரியுது பாருங்க, அதுதான். எவ்வளவு அழகாக் கரைஞ்சிருக்கு! அந்த நீலம் இல்லேன்னா படமே இல்ல மாமா."

"அப்போ நான்?"

கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார். "இந்த வெள்ளைத் தீற்றல் உங்க சட்டையா இருக்கலாம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மாட்டினேன். வேறு படம் ஏது? வருகிறவர்களிடமெல்லாம் நீலத்தைத் தொட்டுக் காட்டி, "நான் கட்டினது" என்பேன். தலையாட்டிவிட்டுப் பறவையையே பார்ப்பார்கள். போன வாரம் ஒருவர், "அழகான உள்ளான்" என்றார்.

"உள்ளான்தான். ஆனா சும்மா உள்ளான் இல்ல. அலகைப் பாருங்க!"

சொன்னது மாப்பிள்ளை இல்லை. அவர் அன்று ஊரிலேயே இல்லை. மகள் மறுபடி உள்ளே ஓடினாள்.

நீங்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். என் ஆயுசிலேயே பெரிய படகு, நகர்ந்தது என்றதோடு விட்டுவிட்டேன். அது மிதந்ததா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அது என்ன பறவை என்றுதானே இவ்வளவு நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?