புள்ளி வைத்த பெட்டி

குளியலறை எடை இயந்திரத்தின் மேல் மூன்றாவது ஸ்டியரிங் பெட்டியை வைத்துவிட்டு, வெர்னன் முட்டி போட்டு முள்ளைப் பார்த்தான். ஒன்பது பவுண்டு. லாரியிலிருந்து கழற்றியது இருபத்திரண்டு. இரண்டாவது பதினேழு.

கதவு தட்டப்பட்டது.

"அரை மணி நேரமா உள்ள என்ன பண்ற?"

"எடை பார்க்கறேன்."

"போன வாரத்த விட ஏறித்தான் இருக்கும். கதவத் தொற."

லொரேன் உள்ளே வந்தாள். கிரீஸ் படிந்த தன் துண்டைப் பார்த்தாள். பிறகு கணவனின் வயிற்றைப் பார்த்தாள்.

"லாரிப் பெட்டிய விட பதிமூணு பவுண்டு கம்மி," என்றான் வெர்னன் பெருமையாக.

"தினமும் ராத்திரி ஆப்பிள் பை சாப்பிடறத நிறுத்தியிருந்தா அதுக்கு மேலயே கொறஞ்சிருக்கும்."

பெட்டி அவன் ஒன்பது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஹாட் ராடுக்கு, அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் வண்டிக்கு. 1923-ஆம் வருடத்து ஃபோர்டின் உடல், அதற்குள் அடங்காத பெரிய என்ஜின், கூரை கிடையாது. எடையைக் குறைக்க பிரேக் மிதியில்கூடத் துளை போட்டிருந்தான். கராஜை விட்டு அது ஒரு நாளும் வெளியே போனதில்லை. ஃபான்டானா ஊரின் வெயிலில் லொரேனின் கார் ஒன்பது கோடையாக வெளியே வெந்துகொண்டிருந்தது. போன வாரம் அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வருகிற சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அந்த வண்டி தானாகத் தெருவைச் சுற்றி வர வேண்டும். இல்லையென்றால் அவள் தம்பி டுவெய்ன் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். விலைகூடப் பேசியாகிவிட்டது.

"உன் தம்பி உடனே சரின்னுட்டானா?"

"நான் சொன்னா கேப்பான்."

அதுதான் வெர்னனை உறுத்தியது. ஒரு பேச்சுக்குக்கூடப் பேரம் பேசாமல் ஒருவன் சரி என்கிறான் என்றால், அந்த வண்டி மேல் அவனுக்கு எத்தனை நாளாகக் கண் இருந்திருக்க வேண்டும்?

ஒன்பது பவுண்டுப் பெட்டியை விற்றவர் காயலான் கடை ஓட்டிஸ். பின்பக்கம் என்ஜின் வைத்த ஒரு சின்னக் காரின் பெட்டி அது. அப்படியே ஹாட் ராடில் மாட்டினால் இடது பக்கம் சுற்ற வண்டி வலது பக்கம் போகும். பெட்டியைத் திறந்து, உள்ளேயிருக்கும் தண்டைப் புரட்டி மறுபக்கமாகப் போட வேண்டும். புரட்டியவர் பெட்டி மேல் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிடுவார். புள்ளி இருந்தால் புரட்டியது, இல்லையென்றால் புரட்டாதது. அந்தப் பக்கத்தில் கார் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

இந்தப் பெட்டியில் புள்ளி இருந்தது.

"புரட்டியாச்சு தம்பி. அப்படியே மாட்டு," என்றிருந்தார் ஓட்டிஸ். "உன் மச்சான்தான் போன் பண்ணி இத உனக்குன்னு எடுத்து வைக்கச் சொன்னான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வண்டியைக் கொண்டுபோகக் காத்திருப்பவன் எதற்காக நல்ல பெட்டி தேடித் தர வேண்டும்? ஒரு சொட்டு பெயின்ட் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். திங்கட்கிழமை மாலை வெர்னன் பெட்டியைத் திறந்து தண்டைப் புரட்டிப் போட்டான். போலிப் புள்ளியைச் சுரண்டி எறிந்தான்.

செவ்வாய் மாலை என்ஜின் உறுமியது. வெர்னன் இடது பக்கம் சுற்றினான். வண்டி வலது பக்கம் போய் எலுமிச்சை மரத்தை முட்டி நின்றது. மடியில் பதினோரு எலுமிச்சம்பழம் விழுந்தது.

"ஜூஸ் போடவா?" என்றாள் லொரேன் சமையலறை ஜன்னலிலிருந்து.

ஓட்டிஸ் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்பது ஒரு நொடி அவனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு பிடிக்காததால் விட்டுவிட்டான். திரும்பப் பெட்டியைத் திறந்து தண்டைப் புரட்டினான். வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைச் சுற்றிப் பார்த்தான். இடது என்றால் இடது. வலது என்றால் வலது. லொரேன் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள், போய்விட்டான். புள்ளி மட்டும் வைக்கவில்லை. பெட்டி சரியாகிவிட்டது என்று கண்டவனுக்கெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்?

புதன்கிழமை பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் வேலை முடிந்து வந்தவன் நேராக வண்டியில் ஏறினான். இடது பக்கம் சுற்றினான். இரண்டு குப்பைத் தொட்டிகள் உருண்டு தெருவுக்குப் போயின.

வெர்னன் என்ஜினை அணைத்தான். நேற்று தன் கண்ணால் சரி பார்த்த பெட்டி.

"இன்னிக்கு யாராவது வந்தாங்களா?" என்று லொரேனிடம் கேட்டான்.

"டுவெய்ன் வந்தான். மத்தியானம். ஏணி வேணும்னான்."

"எதுக்கு ஏணி?"

"ஏறத்தான். வேற எதுக்கு?"

டுவெய்னுக்கு எஃகு ஆலையில் மாலை ஷிப்ட். மத்தியானமெல்லாம் சும்மா இருப்பவன். வீட்டுக் கூரையை அவன் ஏறிட்டுப் பார்த்துக்கூட வெர்னன் கண்டதில்லை.

ராத்திரி டுவெய்னே போன் செய்தான்.

"என்ன மாமா, வண்டி ஓடுதா?"

குரலில் ஒரு பதற்றம். களவாணிக்கு வருகிற பதற்றம் என்று வெர்னன் முடிவு செய்தான்.

"ஓடும். நீ கவலப்படாத."

"கவலப்படாம எப்படி மாமா இருக்க முடியும்?"

எவ்வளவு நெஞ்சழுத்தம்! வெர்னன் போனை வைத்தான். அன்றே பெட்டியைத் திரும்பப் புரட்டிச் சரி செய்தான். காலையில் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, கராஜுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

வியாழன் மாலை ஸ்டியரிங்கை இடது பக்கம் சுற்றினான். முன் சக்கரங்கள் இரண்டும் நிதானமாக வலது பக்கம் திரும்பின.

"பூட்டியிருந்தேனே!"

"சாவி ஃபிரிட்ஜ் மேலதான இருக்கு. டுவெய்ன் ஏணியத் திருப்பி வைக்க வந்தான். தெறந்து விட்டேன்."

"ஏணியத் திருப்பி வைக்க எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு முக்கால் மணி. ஏன், என் தம்பிய சந்தேகப்படறியா?"

"சேச்சே."

"ஏணிய எடுத்தான், திருப்பித் தந்தான். நீ அவன்கிட்ட வாங்கின டிரில்ல நாலு வருஷமாத் திருப்பித் தரல. யாரு யார சந்தேகப்படணும்?"

வெர்னன் கராஜில் தனியாக உட்கார்ந்து யோசித்தான். சனிக்கிழமைக்கு ஒரே ஒரு மத்தியானம் பாக்கி. லீவு போட முடியாது. மனைவியின் தம்பியைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் எதுவும் சொல்லவும் முடியாது. சரியாக இருப்பதைத்தானே டுவெய்ன் கெடுக்கிறான்? அப்படியானால் கெட்டுப்போனதையே சரியானது என்று அவனை நம்ப வைத்தால்?

வெர்னன் எழுந்தான். தலைகீழாக இருந்த பெட்டியை அப்படியே விட்டான். பெயின்ட் டப்பாவைத் திறந்து, அரை டாலர் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தான். கண் தெரியாதவனுக்கும் தெரியும்.

டுவெய்ன் வருவான். புள்ளியைப் பார்ப்பான். கெடுப்பதாக நினைத்துச் சரி செய்துவிட்டுப் போவான்.

ஒன்பது வருடத்தில் முதல் முறையாக வெர்னன் நிம்மதியாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டுவெய்ன் வந்து போனதாக லொரேன் சொன்னாள். இந்தத் தடவை ஏணி கூடக் கேட்கவில்லையாம். உள்ளே போனான், உடனே வந்துவிட்டான், சிரித்துக்கொண்டே போனான்.

"உடனேன்னா?"

"நான் என்ன கடிகாரமா? ஏதோ வேலை செஞ்சிட்டுதான் வந்திருப்பான்."

அன்று மாலை டுவெய்ன் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு, மனைவி ஐரீனோடு டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு சாப்பிட வந்துவிட்டான். லொரேன் அரைத்த இறைச்சியில் மீட்லோஃப் செய்திருந்தாள். டுவெய்ன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

"நாளைக்கு நிச்சயம் ஓடும் மாமா," என்று வெர்னன் தோளில் தட்டினான்.

ஐரீன் புருஷனைப் பார்த்தாள். டுவெய்ன் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். கூட்டுக் களவாணிகள்.

கராஜுக்குப் போய் ஒரு தடவை சுற்றிப் பார்க்க வெர்னனுக்குக் கை துறுதுறுத்தது. போனால் டுவெய்னும் பின்னாலேயே வருவான். ரகசியம் வெளியாகிவிடும். இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டான். ஐரீன் சோபாவிலும் டுவெய்ன் கராஜ் கதவை ஒட்டியிருந்த கட்டிலிலும் படுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை பதினொன்றரை மணி. பக்கத்து வீட்டுக்காரர்கள் மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டார்கள். வெர்னன் என்ஜினைக் கிளப்பினான். டுவெய்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஸ்டியரிங்கை இடது பக்கம் சுற்றினான்.

வண்டி வலது பக்கம், நேராக டுவெய்ன் நின்ற இடத்துக்குப் பாய்ந்தது. டுவெய்ன் தன் டிரெய்லர் மேல் ஏறி உயிர் தப்பினான்.

வெர்னன் பிரேக்கை மிதித்து நிறுத்தினான். எமகாதகன், புள்ளியையும் நம்பவில்லையே! மணி பதினொன்று நாற்பது. இனி பெட்டியைத் திறக்க நேரமில்லை. லொரேன் கையில் விற்பனைப் பத்திரம்.

"இப்ப என்ன, எறங்கறியா?"

எலுமிச்சை மரமும் குப்பைத் தொட்டியும் அவனுக்கு ஞாபகம் வந்தன. இந்த வாரம் முழுக்க அவன் பழகியதே தலைகீழ் ஓட்டம்தானே?

இடது பக்கம் போக வலது பக்கம் சுற்றினான். வண்டி சாதுவாக இடது பக்கம் போனது. முனையில் தபால் பெட்டியை ஒரு விரல் இடைவெளியில் இடிக்காமல் விட்டான். ஒவ்வொரு திருப்பத்திலும் "தப்பா சுத்து, தப்பா சுத்து" என்று சத்தமாகத் தனக்கே சொல்லிக்கொண்டான். நாலு முனை. ஒரு நாய் மட்டும் ஒதுங்கியது. பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் வீட்டு வாசலில் வந்து நின்றான். தெருவே கை தட்டியது.

லொரேன் பத்திரத்தைக் கிழித்துப் போட்டாள். கராஜில் தன் காரை விடச் சாவியைத் தேடக்கூட இல்லை, அவனை வந்து கட்டிக்கொண்டாள்.

டுவெய்ன் டிரெய்லர் மேலேயே உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வெர்னன் இறங்கி அவனிடம் போனான். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை.

"என்ன மச்சான், கைக்கு வந்த வண்டி போச்சேன்னு அழுகையா?"

கைக்குட்டையோடு ஓடி வந்த ஐரீன்தான் பதில் சொன்னாள்.

"போங்கண்ணா, ஆனந்தக் கண்ணீர்! இந்த வண்டி எங்க வீட்டுக்குள்ள வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்லிட்டேனா, அதான் புள்ளி இல்லையே, இன்னும் புரட்டலன்னு நெனச்சு ரெண்டு நாளா உங்களுக்குத் தெரியாம பெட்டியப் புரட்டிப் புரட்டி வெச்சாரு, நேத்துதான் புள்ளியப் பார்த்துட்டு, 'மாமாவே சரி பண்ணிட்டாரு'ன்னு தொடாம வந்துட்டாரு."