பல்பு ஆலையும் கட்டிப்பிடித்த படமும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் அக்காவும் நலமாகத்தான் இருக்க வேண்டும். நான்கு நாளாக என்னுடன் பேசாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விஷயம் இதுதான். மூடிப்போன எங்கள் பல்பு ஆலைக்காக ஃபேஸ்புக்கில் நீ நடத்தும் நினைவுக் குழுவில், பல்புக் குமிழை நெருப்பில் காய்ச்சி ஊதும் இயந்திரத்தின் மேல் நான் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருக்கும் பழைய படத்தைப் போட்டு, "கடைசி நாளில் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்து அழும் தொழிலாளி" என்று எழுதிவிட்டாய். ஆறாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்களாம். நான் அழவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. மூக்குக் கண்ணாடி இயந்திரத்துக்குப் பின்பக்கம் விழுந்துவிட்டது, எட்டி எடுத்தேன், அவ்வளவுதான். அந்தச் சனியனோட நெருப்பு இருபத்தாறு வருஷமா ராப்பகலா அணைஞ்சதே கிடையாது, பக்கத்துல போனாலே புருவம் பொசுங்கும், அதைப் போய் எவனாவது கட்டிப்பிடிப்பானா?

கீழே வந்திருக்கும் கருத்துகளைப் படித்தால், நான் வேலை பார்த்தது வேறு ஆலையோ என்று சந்தேகம் வருகிறது. அந்தக் காலத்து பல்பு ஃபியூஸே போகாதாம்; அப்போ ஷிஃப்டுக்கு ரெண்டு கூடை நாங்க தூக்கிப் போட்டது என்னவாம்? ஒருத்தர்கூட தாமதமா வந்ததில்லையாம். எனக்குப் பதினோரு மெமோ கொடுத்த மேற்பார்வையாளர், "தங்கமான தொழிலாளி"ன்னு எழுதி மூணு இதயம் போட்டிருக்கார். அந்த மெமோவெல்லாம் பீரோவில பத்திரமா இருக்கு, எடுத்துப் போடட்டுமா?

அதெல்லாம்கூடத் தொலையட்டும். படத்தைப் பார்த்துவிட்டு உன் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கல்யாணமாகி முப்பது வருஷத்துல என்னை ஒரு நாளாவது இப்படிக் கட்டிப்பிடிச்சிருக்கீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான். ஆகவே மூக்குக் கண்ணாடி விஷயத்தைக் குழுவில் தெளிவாக எழுதி, படத்தை உடனே எடுத்துவிடு. என் குடும்பம் உன் கையில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியிடம் என் நிலைமையைச் சொல்லாதே, சிரிப்பாள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "நெருப்பு அணையவே அணையாதுன்னா கன்னத்தை எப்படி வச்சீங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நெருப்பை அணைத்தது ஒரே ஒரு நாள்தான், ஆலையை மூடிய அன்று. மூக்குக் கண்ணாடி விழுந்தது வேறு ஒரு நாளாக இருக்க வேண்டும். கட்டிப்பிடித்தது எனக்கே மறந்துபோயிருந்தது, மச்சான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், "ஒண்ணுமில்ல, ஆலையை மூடிட்டாங்க, தண்ணி குடு" என்று மட்டும்தான் சொன்னேனாம். "அந்த அழுகையை என்கிட்ட வந்து அழுதிருக்கலாமே" என்றாள். படம் அப்படியே இருக்கட்டும். கண்ணாடியைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடாதே.