ஒன்பதாவது கட்டத்தின் பச்சை முக்கோணம்

நாற்காலித் தொழிற்கூடத்தின் தற்காலிக எழுத்தர், கணினித் திரையில் ஒன்பதாவது கட்டத்தின் மூலையில், சூத்திரம் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்க முளைத்திருந்த பச்சை முக்கோணத்தை முறைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மாதிரி நாற்காலிகளுக்குக் கால் நீளம் கணக்கிடுவதற்காகக் கடந்த மாதம் அவரே உருவாக்கிய பட்டியல் அது. அவருக்கு நிரந்தர வேலை உண்டா இல்லையா என்பதை முதலாளி அன்று நண்பகலில் அறிவிப்பதாக இருந்தது.

"அக்கா, மத்த பதினொரு ஃபார்முலாவும் சி நிரலை மட்டும் பாக்குது. இது மட்டும் டி-யையும் சேத்துப் பாக்குது."

"பதினோரு பேர் ஒரு பக்கம் நின்னா, தனியா நிக்கறவன் மேலதான் தப்பு இருக்கும் தம்பி," என்றார் பக்கத்து மேசைத் தட்டச்சர், திரும்பிப் பாராமலேயே.

எழுத்தர் எட்டாவது சூத்திரத்தை ஒன்பதாவதன்மேல் இழுத்துவிட்டார். முக்கோணம் மறைந்தது. ஆனால், இப்போது டி நிரலைச் சீந்துவார் இல்லை. 'கனம்' என்பது அதன் தலைப்பு. எதன் கனம் என்பது அவருக்கு நினைவில்லை. வேலையற்ற நிரல் முதலாளியின் கண்ணில் படலாகாது என்று கருதி, அதை அடியோடு நீக்கினார்.

உடனே, பட்டியலின் அடியிலிருந்த மொத்த மரத்தேவை #REF! என்ற பிழைக்குறியாக மாறியது.

"என்னமோ திட்டுதுக்கா."

"என்னைக் கேட்டா? அது வாயை மூட வழியைப் பாரு."

அவர் சூத்திரங்கள் அனைத்தையும் அழித்து, எண்களைக் கையாலேயே தட்டினார். இனி எந்தக் கட்டமும் எந்தக் கட்டத்தையும் பார்க்காது. ஆகவே சண்டைக்கும் இடமில்லை. புதிய கோப்பாகச் சேமித்தார். சாட்சி எதுவும் எஞ்சலாகாது என்று பழைய கோப்பை நீக்கி, அதன் அச்சுப்படியையும் நான்காகக் கிழித்தார். பச்சையோ சிவப்போ இல்லாத அந்தத் திரை அவருக்கு மிகுந்த மனநிறைவை அளித்தது.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டியபடியே தச்சர் வந்தார்.

"சார், நீங்க போன மாசம் குடுத்த சீட்டுப்படி செஞ்ச பன்னெண்டு நாற்காலியிலயும் முதலாளி உக்காந்து பாத்துட்டார்."

"ஒன்பதுல தப்பு இருந்துச்சு, தெரியும்," என்றார் எழுத்தர் அவசரமாக. "அதையும் மத்தது மாதிரியே ஆக்கிட்டேன். சுத்தமா."

தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தை மேசைமேல் விரித்தார்.

"மத்த பதினொண்ணுலயும் உக்கார்ற பலகையோட கனத்தைக் கழிக்காம விட்டிருக்கு, அவருக்குக் கால் தொங்குது. ஒன்பதுல மட்டும்தான் தரையில பட்டுச்சு. அதை எப்படிப் போட்டீங்கன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னார் சார்; குடுத்துட்டா நீங்க இன்னையிலேர்ந்து நிரந்தரமாம்."