எம்-ஃபோர் கத்திக்கு வந்த ஆயுத பூஜை

சிங்கப்பூரில் சாப்பாட்டைப் பற்றியும் வீட்டு விலையைப் பற்றியும் பேசாமல் ஒரு முழு நாளை ஓட்டக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஸ்டீல் அண்ணன்தான். அவருக்குப் பேச மடக்குக் கத்தியின் ஸ்டீல் இருந்தது. மலிவு ஸ்டீல், உசத்தி ஸ்டீல், இரண்டுக்கும் நடுவே உள்ள ஸ்டீல் என்று காலைத் தேநீரில் ஆரம்பித்தால் மாலை ஷட்டர் இறக்கும்வரை ஓயமாட்டார்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில் உள்ள எங்கள் மளிகை மொத்தக் கடையில், சரக்குப் பெட்டி பிரிக்கும் இடத்தில் நாங்கள் ஐந்து பேர். கப்பலில் வரும் அட்டைப்பெட்டிகளை அறுத்துப் பிரித்து அடுக்குவதுதான் வேலை. நான்கு பேர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அவர் பெட்டியை அறுத்த பிறகு கத்தியின் விளிம்பைப் பார்ப்பார்.

அவருடைய கத்தி எம்-ஃபோர் என்ற ஸ்டீலில் செய்தது. உலோகத்தைப் பொடியாக்கி, பிறகு அழுத்திச் சேர்ப்பார்களாம்.

"தம்பி, உன் கத்தி ஸ்டீலு சலிக்காத மாவு, கட்டி கட்டியா இருக்கும். இது சலிச்ச மாவு லா. நீ பத்துப் பெட்டி அறுத்தா மொட்டை. என்னுது அப்பவும் ரோமம் வழிக்கும்."

சிங்கப்பூர் வழக்கப்படி 'லா' போட்டுச் சொல்வதோடு நிற்கமாட்டார், முன்கையை வழித்தும் காட்டுவார். அவருடைய இடது கையில் முடி முளைத்து நான் பார்த்ததேயில்லை.

அந்தக் கத்தியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதும் இல்லை. வீடு இருக்கும் மார்சிலிங் வரை எம்.ஆர்.டி. ரயிலில் போகவேண்டும். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி, இது எதற்கு என்று கேட்டால் இவர் விளக்க ஆரம்பித்துவிடுவார். கத்திக்காக விட்டாலும் அந்த விளக்கத்துக்காகவே பிடித்து உள்ளே போடுவார்கள் என்பது எங்கள் கருத்து. அதனால் கத்தி கடை டிராயரிலேயே எண்ணெய்த் துணிக்குள் தூங்கும்.

என் கத்தி எட்டு-சி-ஆர் என்கிற மலிவு ரகம். அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அரிசிச் சாக்கை இரண்டாலும் அறுத்துப் பார்த்தார். என்னுடையது சீக்கிரமே மழுங்கியது. ஆனால் பீங்கான் கோப்பையின் அடியில் நாலு இழுப்பு இழுத்ததும் மறுபடி கூர் ஏறிவிட்டது. அவருடையதைத் தீட்ட வைரக்கல் வேண்டும், அரை நாள் வேண்டும்.

"உன்னுது சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை. என்னுது பெரிய வீட்டு மாப்பிள்ளை, முறுக்கிக்கிட்டா சமாதானப்படுத்துறது கஷ்டம். துருவும் பிடிக்கும். ஆனா வேலைன்னு வந்தா இதை அடிச்சிக்க ஆளே கிடையாது" என்றார் பெருமையாக.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, போட்டி வெச்சுக்கலாம். தீபாவளி வரைக்கும் ரெண்டும் வேலை செய்யட்டும். எதுலயாவது என்னுது முந்திட்டா, நீங்க ஸ்டீலப் பத்தி வாயே தெறக்கக் கூடாது."

மற்ற மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"வாக்கு லா. தோத்தா அன்னிக்கே நிப்பாட்டிடுறேன்" என்றார், கொஞ்சமும் அசராமல்.

அதன் பிறகு துருவுக்குப் பயந்து ஒவ்வொரு பெட்டி அறுத்ததும் கத்தியைத் துடைத்தார். குளித்துவிட்டு வந்த குழந்தைக்குத் தலை துவட்டுவது போலத் துடைத்தார். எம்-ஃபோர் எல்லாவற்றிலும் ஜெயித்துக்கொண்டே போனது. பேச்சும் இரட்டிப்பானது. எங்கள் விதியை நொந்துகொண்டு பெட்டி அறுத்தோம்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளியம்மா தராசு, டிராலி, பார்கோடு ஸ்கேனர் என்று எதையும் விடாமல் சந்தனம், குங்குமம் வைத்தார். ஸ்டீல் அண்ணனின் கத்தியைக் கேட்டு வாங்கி, "நம்ம கடையிலயே நல்ல கத்தி இதுதான்" என்று சொல்லி அதைக் கொண்டே எலுமிச்சம்பழத்தை நறுக்கினார். சாறு சொட்டச் சொட்ட அதைத் தட்டின் நடுவில் வைத்து, மேலே சந்தனத்தையும் தாராளமாக அப்பினார். பக்கத்தில் என் கத்திக்கும் அதே மரியாதை. இனி மறுநாள் காலையில் கற்பூரம் காட்டும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. அண்ணனைப் பார்த்தேன். எலுமிச்சையை அவர் கண்ணில் பிழிந்தது போல நின்றிருந்தார்.

முதலாளியம்மா சுண்டல் கொடுக்க முன்பக்கம் போனதும், "அண்ணே, சட்டுனு தொடச்சிடுங்க. யாரும் பாக்கல" என்றேன். போட்டி வைத்தவன் நான்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"சாமிக்கு வெச்சத எப்படி எடுக்கிறது? அதுவும் அவங்க ஆசையா நடுவுல வெச்சிருக்காங்க. தெரிஞ்சா வருத்தப்படுவாங்க" என்றவர், சுண்டலைச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி ஆயுதங்களைத் திருப்பித் தந்தார்கள். என் கத்தியைத் துணியால் துடைத்தேன், பளபளத்தது. அவர் துடைத்தார். சாறு ஓடிய இடமெல்லாம் பழுப்பு, சந்தனத்துக்கு அடியில் கறுப்புப் புள்ளிகள்.

"என்னப்பா, கறை புடிச்சிருச்சா?" என்று அம்மா பதறினார்.

"கறை இல்லம்மா. நல்ல ஸ்டீலுக்கு இப்படித்தான் நிறம் ஏறும். இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் அண்ணன், முகம் மாறாமல். அம்மா நிம்மதியாகப் போனார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "வாக்குன்னா வாக்குதான். இனிமே பேசமாட்டேன்."

தேநீர் வந்தது. ஐந்து பேரும் குடித்தோம். நாங்கள் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்ட அமைதி இதுதான். கடையில் சாவு விழுந்தது போல இருந்தது. துடைத்திருந்தால் ஜெயித்திருப்பார். துடைக்காமல் தோற்றுவிட்டு, அதையும் வெளியே சொல்லாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் பொங்கியது.

"அண்ணே, போட்டி வேலைக்குத்தானே? ஆயுத பூஜைன்னா ஆயுதத்துக்கு லீவு. லீவுல நடந்தது எப்படி சேரும்?" என்றேன்.

"டேய், கெடுத்தியே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அண்ணன் யோசித்தார். நியாயம் தப்பாதவர், இரண்டு பக்கமும் எடைபோட்டுப் பார்த்தார். "லீவு... ஆமா, அது கரெக்ட்தான்" என்றவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப கேளு தம்பி. இந்தத் துரு எப்படிப் பிடிக்குதுன்னா..."

மற்ற மூவரும் எழுந்து ஓடினார்கள். நான் என் ஸ்டூலை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.