மயில்வாகனம் காலேஜ் மாப்பிள்ளை

"ஒரு பையனைப் பத்தி விசாரிக்க வந்தேம்மா" என்று சொல்லி முடித்த பிறகுதான், அப்படி ஒரு பையன் இப்போது தேவைப்படுகிறான் என்பது கஜபதிக்கு உறைத்தது.

வேறு வழி இருக்கவில்லை. மயில்வாகனம் கலை அறிவியல் கல்லூரிக்கு எதிரே, கெங்கம்மாளின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தாகிவிட்டது. மூன்று டீக்கும் அவர் கண் கல்லூரி கேட்டை விட்டு நகரவில்லை. பெண்பிள்ளைகள் போவதையும் வருவதையும் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும் நரைமீசை ஆளை எந்தக் கடைக்காரியும் நாலு வார்த்தை கேட்கத்தான் செய்வாள்.

"எந்தப் பையன்?" என்றாள் கெங்கம்மாள். டீ வடிகட்டி இன்னும் அவள் கையில் இருந்தது.

"இந்தக் காலேஜ்ல வேலை பாக்குற பையன். வாத்தியார்."

"கல்யாண விஷயமா?"

"ஆங்."

"அப்போ கம்ப்யூட்டர் சார் பரணிதரனாத்தான் இருக்கும். கல்யாணம் ஆவாதவரு அவரு ஒருத்தருதான்."

"அவரேதான்" என்றார் கஜபதி. பெயர் கிடைத்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி.

"செத்த இருங்க. பால் தீந்துபோச்சி, ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று கெங்கம்மாள் கடைக்குப் பின்னால் போனாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

கஜபதிக்குப் பொதட்டூர்பேட்டையில் இரண்டு விசைத்தறி, ஒரே மகள். மகள் தேவிப்பிரியா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று நின்றாள். சென்னையில் இருக்கும் அவர் தங்கை அனுசுயா, "எங்க வீட்லயே இருந்து படிக்கட்டும்" என்று அங்கே ஒரு பெரிய காலேஜில் இடமே பிடித்து வைத்துவிட்டாள். இன்று சாயங்காலத்துக்குள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த மயில்வாகனத்தில் சேர்த்தால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் வந்து போகலாம்.

கஜபதிக்கு மகள் வீட்டில் இருக்க வேண்டும். மனைவி வள்ளிநாயகி இறந்துபோன பிறகு, தறியை நிறுத்தினால் அந்த வீட்டில் கேட்கிற ஒரே சத்தம் மகளுடையதுதான். அதனாலேயே அவருக்குத் தன்மீது சந்தேகம். கூடவே இருக்கட்டும் என்ற ஆசையில் மட்டமான காலேஜுக்குத் தலையாட்டிவிட்டால் பிள்ளையின் படிப்பு போச்சு. ஆகையால் விசாரணை கறாராக இருக்க வேண்டும்.

"நேரா ஆபீஸ்ல போய்க் கேளேன் நைனா" என்றாள் தேவிப்பிரியா காலையில்.

"ஆபீஸ்ல இன்னா சொல்லுவான்? எங்க காலேஜ் மட்டம், வராதீங்கன்னா?"

விசாரணை என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வள்ளிநாயகியின் முறை. உறவில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் விசாரிக்கப் போவது அவள்தான். வழி தவறியவள் மாதிரி மாப்பிள்ளை ஊரில் போய் இறங்குவாள். திரும்பி வரும்போது, அந்தப் பையன் எட்டாம் வகுப்பில் யாரைக் கடித்தான் என்பது வரை தெரிந்திருக்கும். வந்த காரியத்தைச் சொல்லக் கூடாது, கொல்லைப்பக்கம் பார்க்காமல் திரும்பக் கூடாது. இவை இரண்டும் அவள் சட்டங்கள்.

முதல் சட்டத்தைக் காப்பாற்றப் போய்த்தான் கஜபதி இப்போது ஒரு மாப்பிள்ளையிடம் மாட்டியிருந்தார்.

கெங்கம்மாள் திரும்பி வந்தாள். கஜபதி தொண்டையைச் செருமினார்.

"பையன் வேலை பாக்குற எடம் எப்படிம்மா? நாளைக்கே இழுத்து மூடிட மாட்டாங்களே?"

"இவங்களா? மழையில காம்பவுண்டு சுவரு விழுந்தப்பக்கூட கிளாஸ் நடந்துச்சிங்க."

"பாடம் நடத்துவாரா, இல்ல செல்போனை நோண்டிகினு இருப்பாரா?"

"அவரு நடத்துறது இங்க வரைக்கும் கேக்கும். டீ ஆத்திகினே எனக்குப் பாதி கம்ப்யூட்டர் வந்துடுச்சி."

"பொண்ணுங்களுக்கு..." என்று ஆரம்பித்து, மாப்பிள்ளை விசாரணையில் இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நிறுத்தினார். அதற்குள் கெங்கம்மாள் ரோட்டுப் பக்கம் கை நீட்டினாள்.

"தோ, சாரே வராரு!"

பரணிதரன் வந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையை இப்போதுதான் உள்ளே விட்டிருந்தார், தலையை இப்போதுதான் வாரியிருந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், பொண்ணு வீட்டுக்காரங்க. உங்களை விசாரிக்க வந்துகீறாங்க" என்று கெங்கம்மாள் போட்டு உடைத்தாள்.

கஜபதிக்கு நாலாவது டீ மூக்கில் ஏறியது. பரணிதரன் தலையைக் குனிந்து, காலால் மண்ணைக் கீறினார். இவ்வளவு வெட்கப்படுகிற ஆணை கஜபதி பார்த்ததில்லை.

"பொண்ணு உங்க சொந்தப் பொண்ணுங்களா?"

"ஐயோ, இல்லைங்க!" பதினேழு வயதுப் பிள்ளை கண் முன்னே வந்து நின்றாள். "என் அக்கா பொண்ணு. பொதட்டூர்பேட்டையில எங்க வீட்லதான் இருக்குது."

கஜபதிக்கு அக்கா கிடையாது.

"பேருங்க?"

"சினேகா" என்றார். அது பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியின் பெயர்.

"படிப்பு?"

"எம்.எஸ்சி. கம்ப்யூட்டர்."

"அட! என்னென்ன லாங்குவேஜ் தெரியும்?"

"தமிழு, தெலுங்கு. இந்தி கொஞ்சம் புரியும்."

பரணிதரன் சட்டென்று இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று. "நல்ல குடும்பம்னு தெரியுதுங்க" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாங்க, நான் வேலை பாக்குற எடத்தைப் பாருங்க. நாளைக்கு உங்க அக்கா கேட்டா சொல்லணுமில்ல?"

இல்லாத அக்கா கேட்டால் சொல்வதற்காகக் கஜபதி கல்லூரிக்குள் போனார்.

செமஸ்டர் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பரணிதரன் அவரைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போனார். கஜபதி ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பார்த்தார், தறியைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"நைனா, அத்தை திரும்பத் திரும்பப் போன் பண்றாங்க. எப்படி இருக்குது?"

பரணிதரன் பக்கத்திலேயே நின்றிருந்தார். கஜபதி குரலைத் தாழ்த்தினார். "பாத்துகினுதான் இருக்கேன். கொஞ்சம் பழசுதான். ஆனா ஓடுது."

பரணிதரன் தலைமுடியைத் தடவிக்கொண்டார்.

"வெளிப்பக்கம் பெயிண்ட் போயிருக்குது. உள்ள சுத்தமா இருக்குது. கொஞ்சம் சூடாவுது."

"எது நைனா?"

"இன்னும் பின்பக்கம் பாக்கல" என்று சொல்லிக் கட் செய்தார். பரணிதரன் மெல்ல நகர்ந்து சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார்.

வள்ளிநாயகியின் இரண்டாவது சட்டம் பாக்கி இருந்தது. "பின்னாடி போலாங்களா?"

"பின்னாடி லேடீஸ் டாய்லெட்தான் இருக்குதுங்க."

"அதான் பாக்கணும்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்பது அவர் காதுக்கே எட்டியது. பரணிதரன் புருவத்தை உயர்த்தினார்.

"அதாவது," என்றார் கஜபதி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் எங்க சினேகாவும் இங்கயே வேலைக்கு வந்தா... பொம்பளப்புள்ள... வசதி வேணுமில்லிங்களா."

தூரத்தில் நின்றபடியே, அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு மாணவியிடம், "தண்ணி வருதாம்மா?" என்று கேட்டார்.

"வருது தாத்தா" என்றுவிட்டுப் போனாள் அவள். தண்ணீர் வருவதில் சந்தோஷம், தாத்தாவில் வருத்தம்.

அதற்குள் பரணிதரன் யாருக்கோ போன் பண்ணிவிட்டார். அடுத்த நிமிஷம் கஜபதி பிரின்சிபால் கோதண்டபாணியின் எதிரே, கையில் மோருடன் உட்கார்ந்திருந்தார்.

"எம்.எஸ்சி. கம்ப்யூட்டரா!" பிரின்சிபால் மேஜையைத் தட்டினார். "ஒரு லேடி லெக்சரர் வேணும்னு எத்தனை மாசமா தேடிகினு இருக்கேன் தெரியுமா? திங்கக்கிழமை வந்து ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டச் சொல்லுங்க."

"திங்கக்கிழமை... அவளுக்குக் காய்ச்சல்."

"இன்னைக்கு வியாழக்கிழமைதானே?"

"இன்னைக்கு ஆரம்பிச்சிருக்குதுங்க. இது கொஞ்ச நாள் இருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"எங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டேன் மாமா" என்றார் பரணிதரன். எப்போது மாமா ஆனோம் என்று கஜபதிக்குத் தெரியவில்லை. "காய்ச்சல்னா சும்மா இருக்க மாட்டாங்க. நாளைக்கே பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் எடுத்துகினு பொதட்டூர்பேட்டைக்கு வந்து பொண்ணைப் பாத்துடுவாங்க."

காலையில் இல்லாத ஒரு பெண்ணுக்கு மத்தியானத்துக்குள் மாப்பிள்ளை, வேலை, காய்ச்சல், மாமியார் எல்லாம் அமைந்துவிட்டது. கஜபதி மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

வெளியே வந்ததும் அவர் கடைசி முயற்சியாக, மாப்பிள்ளையே பின்வாங்கும்படி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "ஒளிவுமறைவு இல்லாம சொல்லுங்க தம்பி. இந்தக் காலேஜ்ல இன்னா குறை?"

பரணிதரன் யோசித்தார். "லேப்ல ஆறு கம்ப்யூட்டர் ஓடாது. மழைன்னா காலேஜ் பஸ் லேட்டாதான் வரும். இங்கிலீஷ் மேடம் போய்ட்டாங்க, இன்னும் ஆள் போடல. கேன்டீன் பொங்கலை நம்பக் கூடாது. டீக்கு கெங்கம்மாக்கா கடைதான்."

கஜபதி அசந்துபோனார். தன் இடத்தின் குறையைத் தானே சொல்கிற மாப்பிள்ளையை விடவே கூடாது என்று வள்ளிநாயகி சொல்வாள்.

அப்போது பரீட்சை முடிந்து பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். நாலைந்து பெண்கள் பரணிதரனைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்கள்.

"சார், கடைசிக் கேள்வி நீங்க நடத்தவே இல்ல!"

"யாரு சொன்னது? நீ அன்னைக்கு மொளகாப் பஜ்ஜி துன்னுட்டுத் தூங்கின."

"நான் தூங்கல சார், கண்ணை மூடிக் கவனிச்சேன்."

கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்து, பரணிதரன் கல்லூரிச் சுவரிலேயே கிறுக்க ஆரம்பித்தார். வெயில் கொளுத்தியது. வாரிய தலை கலைந்தது. உள்ளே விட்ட சட்டை வெளியே வந்தது. பஸ் ஹாரன் அடித்தும் ஒரு பெண்ணும் நகரவில்லை. "ஆங் சார், இப்பப் புரியுது" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் செங்கல்லைக் கீழே போட்டார். மாப்பிள்ளையாக நிற்பதையே அந்த நேரத்துக்கு மறந்துபோயிருந்தார்.

கஜபதிக்கு இதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. மகள் அந்தக் கும்பலில் நிற்பது போலவே தெரிந்தது.

"தம்பி, வந்ததுதான் வந்தேன்," என்றார், ஏதோ வெற்றிலை வாங்கப் போகிறவர் மாதிரி. "எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது. சும்மா, அதுக்கு ஒரு அப்ளிகேஷன் கிடைக்குமா?"

பரணிதரன் கையிலிருந்த பைலைத் திறந்தார். அப்ளிகேஷன் மேலேயே இருந்தது. பேனா கூடக் குத்தியிருந்தது.

அரை மணி நேரத்தில் தேவிப்பிரியாவுக்கு இடம் உறுதியாகிவிட்டது. கஜபதி கேட்டுக்கு வெளியே நின்று போன் செய்தார்.

"பாப்பா, நீ இங்கயே படி. நல்லா விசாரிச்சிட்டேன்."

அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்ததில் அவர் போனைக் காதிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று.

"நெஜமாவா நைனா? நான் சென்னைக்குப் போய்ட்டா நீ தெனம் ஓட்டல்ல துன்னுவியேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. அத்தைகிட்ட நானே சொல்றேன்!"

கஜபதி சந்தோஷமாகப் பஸ்ஸுக்கு நின்றார். பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தவர் அப்படியே இறங்கிவிட்டார். அந்த வெட்கப்பட்ட முகம் நினைவுக்கு வந்தது. எப்பேர்ப்பட்ட பையன்! மகளுக்குப் பாடம் சொல்லித் தரப்போகிறவன். அவன் அம்மா நாளைக்குப் பழத்தட்டோடு வந்து நின்றால், கன்றுக்குட்டியையா காட்டுவது?

நேராக டீக்கடைக்குப் போய்ப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கெங்கம்மா, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். எனக்கு அக்காவும் இல்ல, அக்கா பொண்ணும் இல்ல. என் பொண்ணுக்குக் காலேஜ் எப்படின்னு பாக்கத்தான் வந்தேன். அந்தப் பையன் மனசுல ஆசையை வளத்துட்டேன். அவரு மொகத்துல முழிக்க எனக்குத் தைரியம் இல்ல, நீதான் எப்படியாவது பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

கெங்கம்மாள் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அட, அழாதீங்க நைனா, சாருக்கு ரெண்டு புள்ளைங்க கீது. நேரா ஆபீஸுக்குப் போவாம இப்படியே வந்து உக்கார்ற அப்பாங்களுக்காக, அட்மிஷன் முடியற வரைக்கும் காலேஜ்லயே அவரை மாப்பிள்ளையா விட்டுகீறாங்க."