ஆயுத பூஜை கண்ட பொம்மை

பொம்மை மூச்சு விடவில்லை. அசோகன் அதன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தான். ஊஹும்.

"இன்னா மங்கைக்கா, பூஜைக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு?"

"மூச்சு வுடுதே, சாம்பிராணியும் வாங்கிக்கட்டும்னு நீதானே மூக்குல காட்டுன?" என்றாள் பெருக்கிக்கொண்டிருந்த மங்கை. "சந்தனத்த வேற கரைச்சு ஊத்துன."

விம்கோ நகரில் பல்கலைக்கழகம் புதிதாகத் திறந்திருந்த அறுவைச் சிகிச்சைப் பயிற்சி மையம் அது. மனிதர் மேல் கத்தி வைக்குமுன் டாக்டர் பிள்ளைகள் இந்தப் பொம்மையின் மேல் வைத்துப் பழக வேண்டும். மூச்சு விடும், நாடி துடிக்கும், கண் சிமிட்டும். வெளிநாட்டுச் சரக்கு. அதைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்தான் அசோகன். நம்ம பக்கம் லேத்திலிருந்து லாரி வரை ஆயுத பூஜையில் பொட்டு வாங்காத மெஷின் கிடையாது. ஆனால் கும்பிட்டே மெஷினைக் கொன்ற முதல் ஆள் நம்ம அசோகன்தான்.

செல்போன் அடித்தது. இயக்குநர் ஞானதுரை.

"மதியம் யுனிவர்சிட்டி இன்ஸ்பெக்‌ஷன். வர்றவர் பொல்லாதவர். பொம்மை கையைத் தொட்டா மனுஷன் கையைத் தொட்ட மாதிரி இருக்கணுமாம். இல்லேன்னா மையத்துக்குப் பூட்டு, உன் வேலையும் நிரந்தரமாகாது. ரெடியா?"

"ரெடி சார்."

ஈரம் வடியட்டும் என்று பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினான். ஒரு கண் மூடிக்கொண்டது. அதைத் திறக்க மறுபடி உலுக்கினான். மறுகண்ணும் மூடிக்கொண்டது.

"பேஜாராப் போச்சுக்கா. இப்ப முழுசா செத்துட்டான்."

தோஸ்து ஹுமாயூனின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பொம்மையைப் படுக்கவைத்து, கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தி, பெரம்பூருக்கு விரட்டினார்கள். ராசிக்கு இருக்கட்டும் என்று பூஜை மாலையை அசோகன் கழற்றவில்லை. ஃபிரிட்ஜ் மெக்கானிக் அத்தாவுல்லா பொம்மையின் முதுகைத் திறந்து துடைத்து மூடினார்.

"உள்ள ஈரம் நைனா. காத்து பட்டா தானா மூச்சு வரும். சுவிட்ச்ச மட்டும் ஆஃப் பண்ணாத."

திரும்பும் வழியில், தண்டையார்பேட்டையில் கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. டீக்கடையில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியைக் கும்பிட்டார்.

"மாமு, பாத்தியா? சாவுன்னு சொல்லு, லாரிக்காரன்கூட வழி வுடுவான்" என்றான் ஹுமாயூன்.

அசோகன் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் அவனுக்கு எப்போது இருந்தது?

"எங்க மாமாங்க... வழி வுடுங்க!"

விட்டார்கள். அதோடு விட்டார்களா? நம்ம ஏரியாவில் பிணத்தைத் தனியாகப் போக விடமாட்டார்கள். வேறொரு சாவு முடித்துத் திரும்பிய மேளக்காரர்கள், "சும்மா அனுப்புனா நல்லா கீதா?" என்று அடிக்கத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத ஓர் அம்மா, "தங்கமான மனுசனாச்சே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்து அசோகனுக்கும் அழுகை வந்தது, வேலையை நினைத்து. கடைசியில் லாரிகளெல்லாம் நகர்ந்துவிட, ஊர்வலம்தான் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

அப்போது பொம்மையின் நெஞ்சு மெல்ல எழும்பியது. கண் திறந்து சிமிட்டியது.

"ஐயோ, பொணம் முழிச்சிக்கிச்சு!"

கூட்டம் சிதறி ஓடியது. பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த வெள்ளைக் காரிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி ஓடிவந்தார்.

"விலகுங்க, நான் டாக்டர்!" மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "அடப்பாவிகளா, நாடி துடிக்குதே! உயிரோட இருக்கிறவரையா சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்க? ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கய்யா!"

அசோகன் அவசரமாக மாலையைக் கழற்றினான். ஹுமாயூன்தான் அந்தக் காரின் கண்ணாடியில் இருந்த பல்கலைக்கழகப் போர்டை எட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரின் தோளைத் தட்டினான்.

"சார், நீ பாக்கப் போற பொம்ம இதான். பாஸா, ஃபெயிலா?"