தேங்காய் உடைத்த கல்

தேங்காய் சிதறியது. கூடவே கல்லின் மூலையும் கழன்று அருமைராசாவின் சப்பாத்தில் விழுந்தது.

லவால் நகரையும் தாண்டி வந்து, இந்தக் கிராமத்தில் வயல் வைத்திருக்கும் கமக்காரனிடம் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். தேங்காய் உடைக்காமல் காரில் ஏறமாட்டேன் என்று மனைவி வித்தியா ஒற்றைக்காலில் நின்றாள். மேப்பிள் மரத்தடியில் நின்ற கருங்கல், பிள்ளையார் கோயில் வாசலுக்கென்றே செய்ததுபோல இருந்தது. மரியாதைக்கு, காரோடு சேர்த்து அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். கல்லில் பதித்திருந்த பித்தளைத் தகடு இப்போதுதான் கண்ணில் பட்டது.

"என்னப்பா எழுதிக்கிடக்கு?"

தெரிந்த பிரெஞ்சில் எழுத்துக்கூட்டினார். "இஞ்ச முதல் குடியேறின ஆக்களுக்கும், அவைக்கு முதலே இருந்த பூர்வகுடி ஆக்களுக்கும் நினைவுக்கல்லாம்."

"ஐயோ, ரண்டு பகுதியையும் பகைச்சிட்டமே!"

"கடைசியா வந்த நாங்களெல்லோ உடைச்சிருக்கிறம்! அடுத்த கிழமை குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். இனி எங்க தரப்போறாங்கள்?"

அவர் குனிந்து பொறுக்கினார். விழுந்த துண்டின் அடியில் மஞ்சளாய் ஏதோ காய்ந்திருந்தது; சந்தனமாக்கும். வாயிலிருந்த சூயிங்கத்தால் ஒட்டினார். வழுக்கி விழுந்தது. வித்தியா போத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். குங்குமம் கரைந்து கல் முழுதும் சிவப்பாய் வழிந்தது.

"கொலை நடந்த இடம்போலக் கிடக்கு! உம்மட சால்வையைத் தாரும்!"

பட்டுச் சால்வை கல்லை மூடியது. வினையே அங்கேதான். துணி போர்த்திய நினைவுக்கல்லைக் கண்டால் ஊர் சும்மா போகுமா? நாயோடு வந்த கிழவர் தொப்பியைக் கழற்றினார். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கினார்கள். யாரோ போன் பண்ண, முன்பக்கம் நசுங்கிய காரில் மேயர் அம்மாளே வந்துவிட்டார்.

"திறப்புவிழாவா? எனக்கு யாரும் சொல்லவில்லையே!" என்று பிரெஞ்சில் கேட்டபடி சால்வையை இழுத்தார்.

சிவப்பு வழிந்த கல். மூலை இல்லை. கூட்டம் வாய்பிளந்தது. மேயரின் முகம் வெளுத்தது.

அருமைராசா முன்னால் வந்தார். "மேடம், நான்தான்... தேங்காய்..." என்று துண்டை நீட்டிக் கைகூப்பினார்.

மேயர் துண்டை வெடுக்கென்று பறித்துக் கைப்பைக்குள் போட்டார். அவரை மரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனார். சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன், துண்டின் அடியில் இருக்கும் அந்த மஞ்சள் பசையைப் பற்றி மூச்சு விடாதீர்கள். போன பனிக்காலம் இந்தக் கல்லைக் காரால் இடித்து உடைத்ததும் நான்தான், ஒட்டி வைத்ததும் நான்தான். அடுத்த கிழமை எனக்குத் தேர்தல்!"